யூலான் போட்ட கட்டு

திருவிழா ஆட்டத்துக்கு ஆளுயர மரப் பொய்க்கால் கட்டுவதற்கு மதில்மேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து டோஃபு வியாபாரி பாங்கின் காலுக்குக் கட்டுப் போடுகிறவள் அவன் மனைவி யூலான்தான். கட்டு இறுகினால் கால் மரத்துப்போகும், தளர்ந்தால் ஆள் விழுவான். அவள் கட்டி அவன் விழுந்ததே கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போயிற்று. விளக்குத் திருவிழா அன்று காலையில் கட்டிவிட வேறு ஆள் தயாராக இருந்தான். இருந்தும் கயிறோடு வந்து நின்றாள், பிடிவாதக்காரி. இடது கையாலும் பல்லாலும் இழுத்துக் கட்டினாள். எழுந்து நின்றதுமே கட்டு தளர்வு என்று பாங்குக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் ஆசையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வான்?

அவனுக்குக் கோமாளிக் கிழவி வேடம். காதில் மிளகாய்த் தோடு, கையில் நீளமான புகைக்குழாய். தள்ளாடிய போதெல்லாம் கிழவிக்குப் போதை ஏறிவிட்டதாக நடித்துச் சமாளித்தான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் குளிரிலும் அவன் முதுகு வியர்த்தது.

வாசலில் தேநீரும் மிட்டாயும் வைத்து மேஜை போட்ட வீட்டின் முன்னால் பொய்க்கால் ஊர்வலம் நின்று ஆடியாக வேண்டும். யூலானும் மேஜை போட்டிருந்தாள். அங்கேதான் இடது கால் கட்டு நழுவியது. பாங் காலை அகல விரித்துத் தரையோடு சரிந்தான். வித்தை என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். யூலான் முகம் வெளுத்துவிட்டது.

இரண்டு பேர் அவனைத் தூக்கி அவன் வீட்டு மதில்மேலேயே உட்கார வைத்தார்கள். அவள் கிட்டே வந்தாள்.

"கட்டு தளர்வுன்னு உனக்குக் காலையிலயே தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல, கிழவா?"

"சொல்லியிருந்தா அடுத்த வருஷம் நீ கயித்தையே தொடமாட்ட."

கட்டிவிட வந்த ஆளைப் பாங் கையசைத்து விலக்கினான். காலை அவளிடமே நீட்டினான். ஊர்வலம் கோயில் போய்ச் சேரும்வரை மேளம் நிற்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். மேளக்காரர் ஹுவோ முணுமுணுத்தபடி அடியை மெதுவாக்கினார். அத்தனை பொய்க்கால்களும் நின்ற இடத்திலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

யூலான் பல்லால் முடிச்சை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"போதுமா?"

பாங் காலை அசைத்துப் பார்த்தான்.

"போதாது. இன்னும் இழு."

அவள் மறுபடி குனிந்து கயிற்றைக் கடித்தாள்.