அப்பா தேர்ந்தெடுத்த ரசமட்டம்

உள்ளங்கையில் வைத்ததும் சில்லிட்டது அந்த அலுமினியக் கட்டை. ஒரு சாண்கூட நீளமில்லை. நடுவில் சிறு கண்ணாடிக் குழாய், அதில் இளம்பச்சைத் திரவம், அதற்குள் ஒரு காற்றுக்குமிழி. குமிழி இரு கோடுகளுக்கு நடுவில் நின்றால் தளம் மட்டம். கடையில் அதை 'ரசமட்டம்' என்றார்கள். மாவு மில்களில் இயந்திரம் பொருத்தும் மெக்கானிக்கான அப்பா, சட்டைப்பையில் அடங்குவதாக ஒன்று வாங்க, ஆயுத பூசைக்கு முந்தைய வாரம் தேரடி வீதிக்கு என்னையும் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது.

அப்பா ஒவ்வொன்றையும் மேசைக் கண்ணாடிமேல் வைத்துக் குமிழியைப் பார்ப்பார். பிறகு அதே இடத்தில் தலைமாற்றி வைப்பார். மேசை கோணலாக இருந்தாலும், இரண்டு முறையும் குமிழி ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால் கருவி சரி.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கமாட்டாங்கண்ணே" என்றார் கடைக்காரர்.

"பொண்ணுன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கும். இது பண்ணாதுப்பா" என்ற அப்பா, ஏழாவதை எடுத்துக்கொண்டார்.

பூசையன்று கருவிகளுக்குப் பொட்டு வைப்பது என் வேலை. மற்றவற்றுக்கு மேலே மட்டும் வைத்த நான், புதியதின்மேல் இருந்த ஆசையில் அதன் அடியிலும் ஓர் ஓரமாகக் கெட்டிச் சந்தனம் வைத்தேன். பூசைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அது காய்ந்து இறுகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, கீழ்பென்னாத்தூர் மில் ஒன்றில் அந்த ரசமட்டத்தை நம்பி அப்பா மோட்டாரையும் இயந்திரத்தையும் பொருத்தினார். ரசமட்டத்தை ஒன்றின்மேல் ஒரு வாக்கிலும் மற்றதன்மேல் தலைமாற்றியும் வைத்திருந்ததால், ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று எதிர்ப்பக்கமும் சாய்ந்துவிட, பெல்ட் கழன்று கழன்று விழுந்தது. "மட்டம் பாக்கத் தெரியாதவன்லாம் மெக்கானிக்காம்!" என்று, அரைக்க வந்தவர்கள் முன்னால் மில்காரர் கத்தினாராம்.

"கருவிதான் கோளாறு, நாளைக்கு மாத்திட்டு வந்துடறேன்" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ரசமட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். இறுகிய சந்தனம் அதன் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டிருந்தது. புரிந்தது. பயத்தில், அப்பா குளிக்கப் போன நேரத்தில் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

மறுநாள் கடைக்காரர் அதை மேசைமேல் வைத்தார், தலைமாற்றி வைத்தார். "சுத்தமா இருக்குண்ணே" என்றார். அப்பா தானும் நான்கு முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"என் கண்ணுதான் போயிடுச்சு போல" என்று அம்மாவிடம் சொன்னார். இன்னோர் ஆளை அனுப்பி மில்லைச் சரிசெய்தார்; அதன்பின் இயந்திரம் பொருத்தும் வேலையைத் தொடவில்லை. லாட்ஜ் ஒன்றில் சேர்ந்து, பௌர்ணமிகளில் கிரிவலம் வருகிறவர்களின் வண்டிகளுக்கு டோக்கன் கொடுத்தார். அருகிலேயே நின்றிருந்தும் நான் சொல்லாமல் விட்ட பௌர்ணமிகள் பல.

அப்பா போன வருடம் இறந்தார். இனியாவது சொல்லிவிட வேண்டும் என்று சென்ற மாதம் கீழ்பென்னாத்தூர் போனேன். மில் இல்லை, அந்த இடத்தில் செல்போன் கடை. இயந்திரம் நின்ற சிமெண்டு மேடையை இடித்து டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். கடை நடத்தும் தன் மகனின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மில்காரரிடம் அப்பாவின் பெயரைச் சொல்லி, பெல்ட் கழன்ற கதையை எடுத்தேன்.

"எந்த பெல்ட்டும்மா? ஞாபகம் இல்லையே" என்றார். "உங்கப்பா பூட்டின மெஷினு சத்தமே போடாதும்மா. அப்புறம் ரெண்டு வாட்டி ஆள் உட்டேன். ஏன் வரவே இல்ல?"

சொல்லத்தான் போயிருந்தேன்.

"அவருக்குப் பார்வை கொஞ்சம் கம்மிங்க" என்றேன்.