கெளுத்தி முள்ளும் ஏரிச் சேறும்

பழவேற்காடு ஏரியில் வலையிழுத்த என் கணவரின் விரலில் கெளுத்தி முள் ஏறியது. டச்சுக்காரர்களின் கோட்டையில் இருந்த மருத்துவரிடம் கிளம்பிய எங்களைச் சந்தையில் மூலிகை விற்கும் வைத்தியர் மறித்தார்.

"அவன் கத்தி வெப்பாம்மா. ஏரிச் சேத்தைப் பூசி பத்தியம் இருந்தா தானா ஆறிடும்" என்றார்.

நம்பினோம். விரல் கறுத்து, காய்ச்சலில் அவர் பிதற்றத் தொடங்கியதும் கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விரலை வெட்டித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

வைத்தியரிடம் போய்க் கேட்டேன். "உன் ஊட்டுக்காரன் பத்தியம் காக்கல, நான் இன்னா பண்றது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெட்டிய விரலைக் கோட்டை மருத்துவர் சாராயக் குப்பியில் போட்டு வைத்திருந்தார். கேட்டு வாங்கி வந்தேன். இப்போது நான் படகுத்துறையில் மீன் விற்பதில்லை. வைத்தியர் கடைக்கு எதிரிலேயே கூடையை இறக்கி, பக்கத்தில் அந்தக் குப்பியை வைக்கிறேன். "இன்னா இது?" என்று கேட்பவர்களிடம், "அவராண்டயே கேளுங்க" என்கிறேன்.