லாரிக்கு இடப்பக்கம் நின்ற மகள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளைக் கஞ்சியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். துணிக்குப் போடுகிற கஞ்சி அவள் பேச்சிலும் விறைப்பாக நிற்கிறது என்று யாரோ கிண்டலாக வைத்த பேர். மகள் போன பிறகு அந்த விறைப்பு போய்விட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மகளுக்கு மருந்துக்கடையில் வேலை. சைக்கிளில்தான் போவாள். ஹெல்மெட், பின்னால் சிவப்பு லைட், பளபளக்கும் மஞ்சள் கோட்டு, ஒன்றையும் விடமாட்டாள்.

"சண்டைக்குப் போற ராஜா மாதிரி கிளம்புறியேடி" என்று அம்மாவே கேலி செய்வாள்.

அந்த மகள்தான் பட்டப்பகலில், பாலத்தடிச் சிக்னலில், இடப்பக்கம் திரும்பிய லாரியின் சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "போன்ல பேசிக்கிட்டே போயிருக்கும்." "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாத்துக்கும் அவசரம்." அந்தப் பேச்சு அக்காவுக்கு உள்ளே முள்ளாகத் தைத்துவிட்டது. ஒருவேளை அப்படித்தானோ? செத்த பிள்ளையைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொள்வாள். மறுபடியும் சந்தேகம் வரும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அந்த லாரி நிற்கிற ஷெட்டுக்கே போய்விட்டாள். வண்டி கழுவிக்கொண்டிருந்த லாரிக்காரர் அவளைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார்.

"எம் பொண்ணு அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தா? அத மட்டும் சொல்லுங்க."

"நான் பாக்கலம்மா. சத்தியமா பாக்கல."

"அவ்ளோ பெரிய கண்ணாடி இருக்கு. மஞ்சக் கோட்டு கூடவா தெரியல?"

அவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். "ஏறிப் பாருங்கம்மா."

கம்பியைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி ஏறி உட்கார்ந்தாள். அவர் ஷெட்டில் கிடந்த சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு சுற்றிப்போய், லாரியின் இடப்பக்கம் ஒட்டி அதில் உட்கார்ந்தார்.

"இந்த இடந்தாம்மா. சிக்னலுக்காக, ரோட்டோர வெள்ளைக் கோட்டத் தாண்டாம உங்க பொண்ணு ஒழுங்காத்தான் நின்னிருக்காங்க. போலீஸே சொன்னாங்க. நான் தெரியுறேனா?"

கண்ணாடியில் தேடினாள். கழுத்தை நீட்டிப் பார்த்தாள். குரல் மட்டும் கேட்டது, ஆள் இல்லை.

"கைய ஆட்டுங்க."

"ஆட்டிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பில்லாமலே போய்விட்டாள்.

இறங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தெரியலதான். திரும்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருக்கலாம்மா" என்றார்.

அதிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் பாலத்தடியில் கொஞ்ச நேரம் நிற்பாள். லாரியை ஒட்டி யாராவது சைக்கிளை நிறுத்தினால் ஓடுவாள். "பக்கத்துல நிக்காத கண்ணு, பின்னாடி போ. அவனுக்கு நீ தெரியமாட்ட." மறை கழன்ற கேஸ் என்று சிலர் சிரித்துக்கொண்டு போவார்கள். சிலர் சைக்கிளைப் பின்னுக்கு உருட்டிக்கொள்வார்கள்.

ஒரு காலையில், அப்படிப் பின்னால் நகர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள். "உங்களுக்கு லாரி ஓட்டத் தெரியுமாம்மா?"

பச்சை விழுந்தது. லாரி திரும்பி முடியும்வரை அக்கா அந்தப் பெண்ணின் சைக்கிள் கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.