முதுகுத் தையல்

அருள்புரத்தில் நான் சந்தித்த அந்த சாம்பிள் டெய்லர், அதாவது மாதிரி உடைகள் தைப்பவர், எந்தப் பனியனையும் உள்பக்கம் திருப்பித் தன் கழுத்தில் தேய்த்துப் பார்ப்பார். விண்வெளி வீரர்களின் தோலை ஆராய நான் வகுத்த பரிசோதனைக்கான பனியனை அவர்தான் தைத்தார்.

“முதுகுல தையல் வேண்டாமுங்க சார், அழுத்தும்.”

திட்டத்தைப் பலமுறை திருத்தி அலுத்திருந்தேன். “விண்வெளியில எடையே தெரியாது. எப்படி அழுத்தும்?”

“அங்க சரிங்க. முதல்ல இங்க, விண்வெளியில இருக்கிற மாதிரின்னு, ஆளுங்களை வாரக்கணக்கா படுக்க வெச்சுப் பார்ப்போம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

“வரைஞ்சு கொடுத்தபடி தைங்க” என்று எரிந்து விழுந்தேன்.

படுத்திருந்தவர்களின் முதுகில் தையல் போன வழியே புண் வந்தது. பரிசோதனை விண்வெளிக்குப் போகும் வாய்ப்பை இழந்தது. ‘தையல் குறைபாடு’ என்று அறிக்கை எழுதினேன்.

விஷயம் தெரிந்ததும் அவர் போனில் கேட்டது ஒன்றுதான்.

“அவங்களுக்கு முதுகு ஆறிருச்சுங்களா சார்?”

ஆறிவிட்டது என்றேன். தவறு என்னுடையது என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.