கை கொடுக்க முடியாத மூன்று மாதம்

மூன்று பாஷை புழங்கும் எல்லையோர ஊரான ஜூஜுவாடிக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது இதுதான்: இங்கே ஒருத்தி தனியாகக் கிணற்றடியிலிருந்து வீடு திரும்ப முடியாது. நம் மாயவரம் பக்கம் குடத்தை நாமே இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடுவோம். இங்கே தலைச்சுமை. நிறைந்த குடத்தை இன்னொருத்தி கை கொடுத்து ஏற்றிவிட வேண்டும். கன்னடமோ தெலுங்கோ தமிழோ, எதிரே நிற்பவள் கை கொடுப்பாள். லாரிப் பட்டறை வேலைக்கு வந்த கணவரோடு வந்தவள் நான். பாஷை தெரியாத எனக்கு அந்தக் கைதான் ஊராரோடு பேச்சு.

அதற்கும் தடை வந்தது. நாலாவது பிரசவத்துக்குப் பிறகு தும்மினால், ஏன், சிரித்தால்கூட எனக்குச் சிறுநீர் கசியும். அதற்குப் பயந்தே ஆறு வருஷம் கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை, நினைத்துப் பாருங்கள். கடைசியில் பெங்களூரில் ஆபரேஷன் ஆயிற்று. மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது, குந்தக்கூடாது, மாவாட்டக்கூடாது, தையல் விட்டால் பழைய கதைதான் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்காரர் பட்டறைப் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு, நாலு கால் வைத்து, குந்தாமல் கொல்லைக்குப் போக ஓர் ஆசனம் செய்து தந்தார். தண்ணீரும் அவரே சுமந்தார்.

ஒருநாள் சொம்போடு கிணற்றடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி கௌரம்மா நிறைகுடத்தோடு நின்றாள்.

"அக்கா, ஒரு கை புடி."

தானாக நீண்ட என் கையை இழுத்துக்கொண்டேன். "முடியாதும்மா."

"ஏன், எங்க கொடத்த தொட்டா தீட்டா? புருஷன தண்ணி சொமக்க விடற மகாராணி!"

சுற்றி நின்றவர்கள் முகம் திருப்பினார்கள். ஒரே ஒரு தரம் தூக்கினால் என்ன என்று குனியக்கூடச் செய்தேன். தையல் சுரீரென்றது. வெட்கத்தை விழுங்கி, அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினேன். "இங்க தையல். தூக்கினா பிஞ்சுடும். மறுபடி துணி நனையும்."

கௌரம்மா வாயைப் பொத்தினாள். "அய்யோ சிவனே, இத மொதல்லயே சொல்லக்கூடாதா!" அதோடு விட்டாளா? "இந்தக்காகிட்ட யாரும் கை கேக்காதீங்க!" என்று மூன்று பாஷையிலும் கூவினாள். மானம் போயிற்று என்றுதான் நினைத்தேன். மறுவாரம் பழக்கதோஷத்தில் ஒரு குடத்தை நோக்கிக் கை நீட்டினேன். "பேடா!" "வத்து!" "வேணாம்!" என்று மூன்று பாஷையிலும் கிணற்றடியே அலறியது. குலுங்கிச் சிரித்தேன். துணி நனையவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. மாயவரத்திலிருக்கும் என் அக்காவுக்கு, எனக்கு நடந்தது வயிற்றுவலி ஆபரேஷன் என்றே எழுதியிருந்தேன். எத்தனையோ கடிதம் போட்டும் அதைத் திருத்தப் பேனா நகரவில்லை. பாதிப் பாஷை தெரிந்தவர்களிடம் சொன்னதை, கூடப் பிறந்தவளிடம் முழுப் பாஷையில் சொல்ல வரவில்லை. இந்தப் பத்திரிகையில் இதை அச்சில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். கோபித்துக்கொள்ளாதே அக்கா.