ஒன்பதாம் ஸ்தலத்துக்கு மேலே

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். அக்கா சொல்லி ஊர் கேட்பதைவிட அது மரியாதை. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். துபாயிலிருந்து மகன், நடக்கும் அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். நாற்காலியில் உட்கார்ந்து கையை வீசினாலும் அது எண்ணும் என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்தேன். ஒரு மாதம் டிவி பார்த்தபடியே, கடிகாரக் கணக்கில் தினமும் மார்த்தாண்டம் டவுன் வரை போய்வந்தேன். அறுபத்தெட்டு வயதில் நான் செய்த ஒரே ஆராய்ச்சி அதுதான்.

அடுத்த வீடு அக்காவுடையது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். போன வருஷம் பெரிய வெள்ளியன்று, எங்கள் கோயில் பங்குக்காரர்கள் குன்றின்மேல் சிலுவைப்பாதை போனபோது, அவளும் ஏறினாள். வழியில் இயேசு சிலுவை சுமந்ததை நினைவூட்டும் பதினாலு ஸ்தலங்கள். ஒவ்வொன்றிலும் முழங்கால் மடக்கி முட்டுக்குத்தி எழ வேண்டும். ஒன்பதாவதில் முட்டுக்குத்தியவளால் எழ முடியவில்லை. இரண்டு பெண்கள் தூக்கிப் பாறையில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் மேலே போனார்கள்.

"ஆண்டவரு மூணாந்தடவ விழுந்த எடம் அது. அவரு எழும்பினாரு. நான் எழும்பேல்ல" என்றாள் வீட்டுக்கு வந்து. "வாற வருஷம் பதினாலும் முடிப்பேன்."

மறுவாரமே தொடங்கினாள். சாயங்கால ஜெபத்தில் கட்டில் சட்டத்தைப் பிடித்து முட்டுக்குத்தி எழுவாள். முதலில் மூன்று முறை. காலையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே கோயில் பூசைக்கு நடை. ஆரம்பத்தில் ஜெபமாலை முடிந்தும் கோயில் வரவில்லை. மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்து முடிந்தன. கிறிஸ்துமஸுக்குள் ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிகளைக் கோயில் வாசலில் நின்று சொல்லும் அளவுக்குக் கால் முந்திவிட்டது. எனக்கு இப்படியொரு கடிகாரத்தை யாரும் வாங்கித் தரவில்லை.

"முட்டு சரியாவணும்னு மாதாகிட்ட கேட்டா போராதா அக்கா? இந்த நடை வேணுமா?"

"மொதல்ல அதத்தான் கேட்டேன். இப்பம் கேக்கதில்ல. ஆண்டவரு நடந்தத நெனச்சு நடக்கேன். முட்டு ஞாபகத்துக்கே வரமாட்டேங்கு."

 

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தி மஸ்கட்டிலிருந்து அவள் மகள் ஃபோன் செய்தாள். "மாமா, அம்மைய தனியா விடாதுங்கோ." ஆகவே காவலுக்கு நான். தண்ணீர் பாட்டில், தைலம், அக்கா உட்கார மடக்கு ஸ்டூல், எல்லாம் என் தோளில். ஆறாம் ஸ்தலத்தில் ஸ்டூலை விரித்தது நான், உட்கார்ந்ததும் நான்தான்.

ஒன்பதாம் ஸ்தலம். அக்கா முட்டுக்குத்தினாள். போன வருஷம் தூக்கிய பெண்கள் அருகில் வந்து நின்றார்கள். நானும் கையை நீட்டினேன். அவள் கண் சிலுவையில் இருந்தது. ஒரு உள்ளங்கையைத் தொடையில் ஊன்றினாள், மூச்சு விட்டாள், எழுந்தாள். நீட்டிய கை அப்படியே இருந்தது என்னிடம். கடிகாரம் அதை ஓர் அடியாக எண்ணியிருக்கும்.

அதற்குமேல் என்னால் ஏற முடியவில்லை. போன வருஷம் அவள் இருந்த பாறையருகே, அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அக்காவின் நீலக்கரைச் சேலை இறங்கும், ஏறும். பதினாலாவதில் கொஞ்சம் தாமதித்தது. நான் எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். சேலை எழுந்தது.

வேர்த்து வடிய இறங்கி வந்தாள். கீழே கோயில் முற்றத்தில் வரிசையில் நின்றவர்களுக்குப் பயறுங்கஞ்சி விளம்பத் தொடங்கியிருந்தார்கள்.

"அக்கா," என்றேன், "ஒன்னப்போல ஒரு ஆள நான் பாத்ததில்ல."

"எழும்புலே, கஞ்சி தீந்திரும்."