காயக் கூடாத சுவர்

சூளகிரியில் எங்கள் லேஅவுட்டில் பாதி எழும்பிய தன் வீட்டுச் சுவருக்கு ஒரு ஆலைத் தொழிலாளி தினமும் ஷிப்டுக்கு முன்னால், கம்பெனிச் சட்டையோடு தண்ணீர் அடிப்பார். குடும்பத்தில் ஆறு பேரும் ஒற்றை வாடகை அறையில் நெருக்கியடித்து வாழ்ந்து, மிச்சம் பிடித்து வாங்கிய மனை. ஒரு காலை, குடியிருப்போர் சங்கத் தலைவருக்குத் துணையாக நானும் அங்கே போனேன்.

"உங்க ஆளுங்க இருக்கற பக்கமே மனை பாத்துக்கலாமே," என்றார் தலைவர். "இங்க உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்."

தொழிலாளி தண்ணீரை நிறுத்தவில்லை.

"பேசலாங்க. ஆனா காஞ்சா சுவரு வெடிச்சிடும். இதைப் புடிங்க சார்."

ஓஸ் பைப்பை என் கையில் திணித்துவிட்டுத் தலைவருக்கு நேரே போய் நின்றார்.

"இப்பச் சொல்லுங்க. எந்த ஆளுங்க?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பைப்பைக் கீழே போட்டிருக்கலாம், போடவில்லை. அந்தத் தொழிலாளிக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், அதையும் செய்யவில்லை.